தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராதா?

“தமிழ்ல யோசிக்கிறதை நிறுத்துங்க, அப்பதான் இங்கிலீஷ் வரும்.” தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்த யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸில் இருக்கும், யூடியூபில் இருக்கும், வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்க வருகிறவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த அறிவுரை ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய், உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மொழியைத் தள்ளி வைத்துவிட்டு யோசி என்றால், அவள் எதை வைத்துக்கொண்டு யோசிப்பாள்? ஆங்கிலத்தில் யோசிக்கிற அளவுக்கு ஆங்கிலம் இருந்தால் அவள் ஏன் அந்த வகுப்புக்கு வந்து உட்காரப் போகிறாள்?

எங்கள் ஊரில், தஞ்சாவூர்ப் பக்கம், மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் அரசுக் கல்லூரியில் பி.காம்., பி.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிறவர்கள், கூடவே நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகத் தயாராகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். இவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பிழை என்று சிவப்பு மையில் சுழிக்கப்படுகிற வாக்கியங்களில் பாதிக்குமேல் ஏனோதானோ என்று எழுதியவை கிடையாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தமிழ் விதி வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த விதி தன்னிடம் இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, யாரும் காட்டிக்கொடுத்ததில்லை. தமிழ் பீரியடில் பெயரெச்சம், வினையெச்சம் படிக்கிறார்கள், அடுத்த பீரியடில் ரிலேட்டிவ் கிளாஸ் (relative clause), பார்ட்டிசிப்பிள் படிக்கிறார்கள். ஒரே பிள்ளை, ஒரே பெஞ்சு, ஒரே நாள். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

எளிதான ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். “மை ஃபாதர் டிரைவர்” என்று எழுதுகிற பையன். நடுவில் ‘இஸ்’ எங்கே, வினை இல்லாமல் வாக்கியம் ஏது என்று கேட்பார்கள். ஆனால் “எங்கப்பா டிரைவர்” என்பது தமிழில் முழு வாக்கியம், அதில் எதுவும் குறையவில்லை. எழுவாய் எதையெல்லாம் பயனிலையாகக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் ஆறு வகையைச் சொல்கிறது: “பொருண்மை சுட்டல், வியங்கொள வருதல், வினைநிலை உரைத்தல், வினாவிற்கு ஏற்றல், பண்புகொள வருதல், பெயர்கொள வருதல்.” உரைகாரர்கள் ஒரு பசுவை வைத்தே ஆறுக்கும் எடுத்துக்காட்டு கொடுத்துவிட்டார்கள்: ஆ உண்டு, ஆ செல்க, ஆ கிடந்தது, ஆ எவன், ஆ கரிது, ஆ பல. ஆறில் வினைநிலை என்பது ஒன்றுதான், கேள்வியிலும் முடியலாம், வெறும் பெயரிலும் முடியலாம். ரஷ்ய மொழியிலும் “ஓன் உச்சீத்தெல்” என்றால் ‘அவர் ஆசிரியர்’, நடுவில் ஒன்றும் கிடையாது. அரபியில் “ஹுவ முஅல்லிம்”, அதுவும் அப்படியே. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்த மூன்று மொழியிலும் வாக்கியத்தை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் அதுவரை இல்லாத வினை வெளியே வந்துவிடும். அப்பா டிரைவராக இருந்தார் என்போம். ரஷ்யத்தில் ‘பில்’ வரும், அரபியில் ‘கான’ வரும். அதனால் பிள்ளைகளிடம் நான் ஒன்றுதான் சொல்வது: வாக்கியத்தைப் பழைய கதையாக மாற்றிச் சொல்லிப்பார், ‘இருந்தார்’ என்று வருகிறதா, அப்படியானால் ஆங்கிலத்தில் இன்றைய கதைக்கும் அங்கே ஒரு ‘இஸ்’ வேண்டும். இதைச் சொன்னபிறகு ‘இஸ்’ஸை விட்டுவிடுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

மாமா கொடுத்த புத்தகம்

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு பி.காம். மாணவி. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவள் முதலில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு கீழே ஆங்கிலத்தை எழுதியிருந்தாள், தமிழை அழிக்கவும் இல்லை. அதனால்தான் எனக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. தமிழ் இது: “நேற்று வீட்டுக்கு வந்த மாமா கொடுத்த புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன்.” ஆங்கிலம் இது: “எஸ்டர்டே ஹோம் கேம் அங்கிள் கேவ் புக் ஐ லாஸ்ட்.”

வழக்கமாக இந்த இடத்தில் சொல்லப்படுவது, பார்த்தாயா, தமிழில் யோசித்ததால் வந்த வினை என்பது. நான் அந்தத் தமிழ் வாக்கியத்தையே அவளைக் கூர்ந்து பார்க்கச் சொன்னேன். எது கடைசியில் இருக்கிறது? தொலைத்துவிட்டேன். எதை? புத்தகத்தை. எந்தப் புத்தகம்? மாமா கொடுத்தது. எந்த மாமா? வீட்டுக்கு வந்தவர். எப்போது வந்தார்? நேற்று. கேள்வி கேட்டுக்கொண்டே வந்தால் வாக்கியம் வாலிலிருந்து தலைக்கு ஒழுங்காகப் பிரிந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இடதுபக்கம் இருக்கிறது. தமிழில் பெயரை விளக்குகிற எதுவும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், ஆங்கிலத்தில் இந்த மாதிரி நீளமான விளக்கம் பெயருக்குப் பின்னால் வரும். ஆகவே நாம் கேட்டுக்கொண்டு வந்த கேள்விகளின் வரிசைதான் ஆங்கில வாக்கியத்தின் வரிசை.

அவளுக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. பென்சிலை எடுத்துக் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். “ஐ லாஸ்ட் தி புக்” வரை வேகமாக வந்தாள். எந்தப் புத்தகம்? ‘தட் தி அங்கிள்’ என்று எழுதினாள். எந்த மாமா? ‘ஹூ கேம் ஹோம் எஸ்டர்டே’. அதற்கப்புறம் ‘கேவ்’ மட்டும் மிச்சம் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டாள். “ஐ லாஸ்ட் தி புக் தட் தி அங்கிள் ஹூ கேம் ஹோம் எஸ்டர்டே கேவ்.” இலக்கணப்படி சரியான வாக்கியம். வேறு யாராவது இருந்தால் டிக் போட்டிருப்பார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, சரிதான், ஆனா அந்த கேவ் தனியா நிக்குது. படிக்கவே நல்லா இல்ல” என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. ‘மாமா’ என்ற எழுவாய்க்கும் ‘கொடுத்தார்’ என்ற வினைக்கும் நடுவில் இன்னொரு வாக்கியமே போய் உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறவர் மாமாவை மனதில் பிடித்துக்கொண்டே, அவர் வந்த கதையையும் கேட்டுவிட்டு, அப்புறம் ‘கேவ்’ வரும்போது அதை யாரோடு சேர்ப்பது என்று திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. மொழியியல் வகுப்புகளில் இதற்கென்றே பேர்போன ஒரு வாக்கியம் உண்டு: “தி ரேட் தி கேட் தி டாக் சேஸ்டு பிட் டைடு.” விதிப்படி தவறில்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே திணறிப்போவார்கள். இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: நாய் துரத்திய பூனை கடித்த எலி செத்துப்போச்சு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியும். நாய் வந்தது, துரத்தியது, அந்தக் கதை முடிந்தது. பூனை வந்தது, கடித்தது, அதுவும் முடிந்தது. எதையும் பாதியில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. தமிழுக்குச் சிக்கல் விழுகிற இடம் வேறு. “முருகன் செல்வி குமார் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னதாக நினைத்தான்” என்றால் நமக்குத் தலை சுற்றும், மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திவைத்துக்கொண்டு வினைகளுக்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முருகன் நினைத்தான், செல்வி சொன்னாள், குமார் போனான் என்று ‘தட்’ போட்டு அடுக்கிக்கொண்டே போகலாம், மூச்சு முட்டாது.

சரி, அந்த ‘கேவ்’வை என்ன செய்வது? நான் ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னேன். ‘தட் அங்கிள் கேவ்’ என்பதற்குப் பதில் ‘கிவன் பை’ போட்டுப் பார். “ஐ லாஸ்ட் தி புக் கிவன் பை தி அங்கிள் ஹூ கேம் ஹோம் எஸ்டர்டே.” புத்தகம், கொடுத்த, மாமா, வந்த, வீடு, நேற்று. தமிழ் வாக்கியத்தை அச்சு அசலாகக் கடைசியிலிருந்து வாசித்தது போலவே வந்துவிட்டது, எதுவும் தொங்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, “இதுக்காகத்தான் பாசிவ் வாய்ஸா அக்கா?” என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அவள் பாசிவ் வாய்ஸை நூற்றுக்கணக்கான முறை போட்டிருப்பாள். ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். இதை அதாக மாற்று, அதை இதாக மாற்று, ஐந்து மதிப்பெண். எதற்காக ஒரு மொழி இப்படி ஒரு அமைப்பை வைத்திருக்கிறது என்ற கேள்வி அந்தப் பயிற்சியில் எங்கேயுமே வராது. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், சொல்ல விரும்பாதபோதும் பாசிவ் போடுவார்கள் என்பதாவது சில புத்தகங்களில் இருக்கும். நீளமான விளக்கம் தொங்குகிற எழுவாயை வாக்கியத்தின் கடைசிக்கு நகர்த்திவைப்பதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதைத் தமிழ் வாக்கியத்தின் கீழே ஆங்கிலத்தை எழுதிப் பார்த்த அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். தமிழில் யோசிக்காதே என்ற அறிவுரையை அவள் அன்றைக்குக் கேட்டு நடந்திருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்தே இருக்காது.

இன்னொன்றும் அன்று பேசினோம். ‘ஹூ, விச், வேர், வென்’ எதை எங்கே போடுவது என்ற குழப்பம். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்று மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள், ‘தி பிளேட் விச் ஐ ஏட்’ என்று எழுதுவார்கள், தட்டையே சாப்பிட்டுவிட்டதாக அர்த்தமாகும். இதற்குப் பதில் நன்னூலில் இருக்கிறது. பெயரெச்சத்தைச் சொல்லும்போது “செய்வது ஆதி அறுபொருட் பெயரும் எஞ்ச நிற்பது” என்கிறார் பவணந்தியார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறில் எதை வேண்டுமானாலும் அந்த ஒரே ‘செய்த’ ஏற்றுக்கொள்ளும். சாப்பிட்ட பையன், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட ஹோட்டல், சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட தோசை. செயலுக்கு ‘ஆடின ஆட்டம்’ மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே ‘சாப்பிட்ட’தான். பையனுக்கும் தோசைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறவர் தானே புரிந்துகொள்வார் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. பையன் சாப்பிட்டான், தட்டில் சாப்பிட்டான், ஹோட்டலில் சாப்பிட்டான், தோசையைச் சாப்பிட்டான் என்று முதலில் பிரித்துச் சொல்லிப் பார்த்தால், பெயரெச்சமாகும்போது தமிழ் எந்த உருபை விழுங்கியது என்பது தெரியும். விழுங்கிய அந்த ‘இல்’லுக்கு ஏற்றதைத்தான் ஆங்கிலத்தில் வெளியே எடுத்து வைக்க வேண்டும், ‘ஃப்ரம் விச்’ என்றோ ‘வேர்’ என்றோ. பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலில் இருக்கிற ஒரு பட்டியல், இன்றைக்கு ஆங்கில வகுப்பில் இவ்வளவு உபயோகமாக இருக்கிறது. அதை அந்த வகுப்புக்குள் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஜப்பானிய மொழி படிக்கிறவர்களுக்கு இந்தச் சிரமமே இருக்காது. “ஓஜிசன் கா குரெத்தா ஹோன்.” ஓஜிசன் மாமா, குரெத்தா கொடுத்த, ஹோன் புத்தகம், ‘கா’ எழுவாயைக் காட்டுகிற உருபு. சொல்லுக்குச் சொல் நம் வரிசை, ஹூ, விச் மாதிரி எதுவுமே இல்லை. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் முப்பது மொழிகளை வைத்துக்கொண்டு எழுதிய ஆய்வில், அதில் நம் கன்னடமும் ஒன்று, வினை கடைசியில் வருகிற மொழிகளில் உருபுகள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன என்று காட்டினார். ஒன்று தெரிந்தால் இன்னொன்றை ஊகிக்கலாம். வாக்கியத்தில் எது எங்கே நிற்கும் என்பதற்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு போக்கு இருக்கிறது, தமிழின் போக்கைத் தெரிந்துகொண்ட பிள்ளை வேறு எந்த மொழியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று தெரிந்துகொள்வாள்.

நடந்து போகும்போது கடித்த நாய்

“வாக்கிங் ஆன் தி ரோட், எ டாக் பிட் மீ.” இதுவும் வருஷா வருஷம் வருகிற வாக்கியம். ஆங்கிலத்தில் இப்படி எழுதினால் ரோட்டில் நடந்தது நாய் என்று பொருள்படும். ‘டேங்கிளிங் பார்ட்டிசிப்பிள்’ என்று பெயர் சொல்லி அடித்துவிடுவார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரும் புரியாது, ஏன் தப்பு என்பதும் புரியாது. தமிழில் இதைச் சொல்லச் சொன்னால், “ரோட்டுல நடந்து போகும்போது நாய் கடிச்சிடுச்சு” என்பார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. சரி, ‘போகும்போது’வை எடுத்துவிட்டு, “ரோட்டுல நடந்து நாய் என்னைக் கடிச்சுது” என்று சொல்லிப்பார் என்றால் வகுப்பே, “அக்கா, நாய் நடந்து வந்து கடிச்ச மாதிரி இருக்கு” என்று கத்தும். அவ்வளவுதான், விதி அவர்களிடமே இருக்கிறது. “முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின” என்பது தொல்காப்பியம். ‘செய்து’ முதலான எச்சங்கள் அதே ஆளின் வினையைக் கொண்டுதான் முடியவேண்டும். மழை பெய்து நெல் விளைந்தது போன்ற வாக்கியங்களை இந்த விதிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று உரைகாரர்கள் தனியாகப் பேசியிருக்கிறார்கள், அது ஒரு பக்கம். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் வரும் ‘வாக்கிங்’ நம் ‘செய்து’ போலத்தான், ஆள் மாறக்கூடாது. ஆள் மாறினால் ‘வென் ஐ வாஸ் வாக்கிங்’ என்று நம் ‘போகும்போது’ மாதிரி விரித்துச் சொல்ல வேண்டும். இதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டவர்கள் அப்புறம் நாயை நடக்க விடுவதில்லை.

‘எனக்குப் பிடிக்கும்’ பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு ஜுரம் வரும், பசிக்கும், பிடிக்கும், தெரியும், எல்லாம் ‘எனக்கு’தான். ஆங்கிலத்தில் ‘ஐ லைக், ஐ நோ’ என்று எல்லாவற்றுக்கும் ‘நான்’ முன்னால் வந்து நிற்கும். இந்தியில் ‘முஜே பசந்த் ஹை’ நம்மைப் போல, ஸ்பானிஷில் ‘மே குஸ்தா’ அதுவும் நம்மைப் போல. மொழியியலாளர் எமனோ 1956இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியபிறகு, வெவ்வேறு குடும்பத்து மொழிகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றைப்போல் ஒன்று ஆனதற்கு இந்த ‘எனக்கு’வையும் பலர் எடுத்துக்காட்டினார்கள். ஆங்கிலமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஷேக்ஸ்பியரில் அடிக்கடி வருகிற ‘மீதிங்க்ஸ்’ என்பது அப்படியே நம் ‘எனக்குத் தோன்றுகிறது’. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஆங்கிலத்தின் மேல் இருக்கிற பயத்தில் கொஞ்சம் குறைகிறது, அதுவும் மாறி மாறி வந்த மொழிதான் என்று தெரிகிறது.

வினை கடைசிக்குப் ‘போகிறதா’?

நர்சிங் முடித்த ஒரு பெண் ஜெர்மன் படிக்கிறாள், அங்கே வேலைக்குப் போக பி2 என்கிற மொழித்தேர்ச்சி நிலை வரைக்கும் தேற வேண்டும். வகுப்பு ஆங்கிலம் வழியாக நடக்கிறது. ஒருநாள் வந்து, “அக்கா, க்ளாஸ்ல எல்லாரும் வெர்ப் கடைசிக்குப் போகுதுன்னு பயந்தாங்க. எனக்கு அதுதான் ஈஸியா இருந்துச்சு” என்றாள். நோட்டைக் காட்டினாள். “வைல் இஹ் ஹொய்ட்டெ ஆர்பைட்டன் முஸ்.” இஹ் நான், ஹொய்ட்டெ இன்றைக்கு, ஆர்பைட்டன் வேலை செய்ய, முஸ் வேண்டியிருக்கிறது. ‘வைல்’ என்பதைப் பின்னால் கொண்டுவந்து ‘ஆல்’ என்று ஒட்டினால், ‘நான் இன்றைக்கு வேலை செய்ய வேண்டியிருப்பதால்’. ஜெர்மனின் துணை வாக்கியம் நம் வரிசையிலேயே நடக்கிறது. ஆங்கிலத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்குத்தான் வினை எங்கேயோ ‘போகிறது’, தமிழிலிருந்து பார்த்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வினையைப் பிடுங்கிக் கடைசியில் நடு என்று சொல்லித்தருகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி தூரம் மிச்சம்.

அந்நிய மொழியைக் கற்க வந்தவர்கள் யாரும் தங்கள் மொழி அறிவைத் தூக்கிப் போட்டுவிட்டு வரவில்லை என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானபோது லத்தீனில்தான் இருந்தது. தனக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தின் சட்டத்தை வைத்துக்கொண்டு தமிழைப் பார்த்தார். அந்தச் சட்டத்துக்குள் தமிழ் முழுசாக அடங்காது, அது வேறு விஷயம். தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போகிற வழி என்று ஒன்று அவருக்கு இருந்தது. நம் பிள்ளைகளிடம் லத்தீனைவிட நெருக்கமாக ஒரு பெரிய இலக்கண மரபே இருக்கிறது, அதை மறந்துவிட்டு வா என்கிறோம்.

பள்ளிகளில் இதைச் செய்வதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். தமிழாசிரியர் பெயரெச்சம் நடத்துகிற அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் ரிலேட்டிவ் கிளாஸை எடுக்கட்டும். ஆசிரியர் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைதானே. ஒரு பீரியட் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வகுப்பில் நிற்கட்டும், போர்டின் இடதுபக்கம் தமிழ் வாக்கியம், வலதுபக்கம் ஆங்கில வாக்கியம்.

தமிழிலிருந்து எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘எ, தி’ இருக்கிறதே, அதுதான் கடைசி வரைக்கும் படுத்துகிறது. அதிலும் கொஞ்சம் பிடி இருக்கிறது. “நேத்து புத்தகம் படிச்சேன்” என்பதற்கும் “நேத்து புத்தகத்தைப் படிச்சேன்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ‘ஐ’ உருபு வந்ததும் எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரிந்த புத்தகமாகிவிடுகிறது. துருக்கியிலும் இதே கதை: “கிதாப் ஒகுதும்” என்றால் ஏதோ புத்தகம் படித்தேன், “கிதாபு ஒகுதும்” என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அந்தக் கடைசி ‘உ’ ஏறக்குறைய நம் குற்றியலுகரம் மாதிரியே ஒலிக்கிறது. ஆனால் இது அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டும்தான் உதவும். ஆளைச் சொன்னால் ‘பையனைப் பார்த்தேன்’ என்று எப்படியும் ஐ வந்துவிடும், எழுவாயில் ஐயே வராது. “கதவு திறந்தது” என்பதில் எ-யா, தி-யா? அதற்கு நான் சொல்லிக்கொடுப்பது, கேட்கிறவர் ‘எந்தக் கதவு?’ என்று கேட்பாரா என்று பார், கேட்பார் என்றால் ‘எ’, கேட்கமாட்டார் என்றால் ‘தி’. சூரியன் உதித்தது என்றால் எந்தச் சூரியன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இது முக்கால்வாசி இடங்களில் வேலை செய்கிறது. ‘கோ டு ஸ்கூல்’, ‘கோ டு பெட்’ போன்ற, எதுவுமே போடக்கூடாத இடங்களில் வேலை செய்வதில்லை, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லிவிடுகிறேன்.